மக்களுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு கம்ப்ரசர்

பெங்களூரின் பீன்யாவில் கம்ப்ரசர் எங்கே என்று கேட்டால், பட்டறைத் தொழிலாளர் எவரும் மூலையில் நிற்கும் காற்றுத் தொட்டியைத்தான் காட்டுவார். இயந்திரத்தின் பிடியை இறுக்கவும், கடைசலில் சிதறிய இரும்புப் பிசிறை ஊதித் தள்ளவும், பெயின்ட் தெளிக்கவும் அதன் காற்றே வேண்டும். தொட்டியின் அழுத்தம் குறித்த அளவைத் தொட்டால் மோட்டார் தானே நிற்கும். அழுத்தம் இறங்கினால் தானே ஓடும். அந்தத் தொழிலாளர்களில் தமிழரும் உண்டு. ஷிப்ட் முடிந்து பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்தில் ரயிலேறி, இயர்போனைக் காதில் செருகும்போது அவர்கள் கேட்கும் பாட்டிலும் ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கிறது. அது காற்றை அழுத்துவதில்லை. ஒலியின் உரத்த பகுதிக்கும் மெல்லிய பகுதிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிறது.

பெயர் ஒன்றாக இருப்பதால் விளையும் குழப்பம் சிறிதன்று. காற்றுக் கம்ப்ரசர் ஆற்றலைச் சேர்க்கும் கருவி. எம்.பி.3 கோப்பாக மாற்றுவதையும் கம்ப்ரஸ் செய்வது என்கிறார்கள். அது கோப்பின் அளவைக் குறைப்பது. இசைப்பதிவுக் கம்ப்ரசரோ இவ்விரண்டும் அன்று. ஆனாலும் வீட்டறையில் மடிக்கணினியும் மைக்கும் வைத்துப் பாட்டுப் பதிவு செய்யும் இளைஞர்கள் பலர் அதைக் காற்றுக் கம்ப்ரசரின் உறவாகவே நடத்துகிறார்கள். பாட்டுக்கு 'பவர்' ஏற்ற வேண்டும், அதற்கு இதைப் போட வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பிழையானது. தமிழ்ப் பாட்டில் கம்ப்ரசரை அளக்க வேண்டிய கோல் சத்தம் அன்று, சொல்.

கருவியின் வேலையை ஓர் எளிய கணக்கால் விளக்கிவிடலாம். அதில் முதலாவது குமிழ் த்ரெஷோல்டு, அதாவது எந்த அளவுக்கு மேல் ஒலி சென்றால் கருவி விழித்துக்கொள்ள வேண்டும் என்னும் வரம்பு. அடுத்தது ரேஷியோ, வரம்பைத் தாண்டிய ஒலியை எத்தனையில் ஒரு பங்காகக் குறைப்பது என்னும் விகிதம். வரம்பு -18 டெசிபல், விகிதம் 4க்கு 1 என்று வைத்துக்கொண்டால், -6 டெசிபலில் வரும் ஒலி வரம்பை 12 டெசிபல் தாண்டுகிறது. அந்த 12 இப்போது 3 ஆகும். ஒலி -15இல் வெளியே வரும். 9 டெசிபல் குறைந்தது. அட்டாக் என்பது குறைக்கத் தொடங்கக் கருவி எடுத்துக்கொள்ளும் காலம். ரிலீஸ் என்பது ஒலி தணிந்தபின் பழைய நிலைக்குத் திரும்பும் காலம். கடைசியாக மேக்கப் கெயின்: குறைத்ததை ஈடுகட்ட மொத்த ஒலியையும் உயர்த்தும் குமிழ். உரத்ததைத் தணித்து, பிறகு எல்லாவற்றையும் தூக்குவதால்தான் மெல்லியது மேலே வருகிறது.

இசையின் ஏற்ற இறக்கத்தை இப்படி மட்டப்படுத்துவது பாவம் என்று கருதுவோர் உண்டு. அவர்கள் பீன்யாவில் நின்று பாட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 70 டெசிபல் என எல்லை வகுத்துள்ளன. குடியிருப்புப் பகுதிக்கு அது 55, 45. சட்டத்தின் எல்லைக்குள் நின்றாலே தொழிற்பகுதியின் பகல், குடியிருப்பின் பகலைவிட 20 டெசிபல் உரத்தது. அங்கே ஒரு தேநீர்க் கடையில் ஒலிக்கும் பாட்டின் சரணம் 85 டெசிபலிலும், அமைதியான பல்லவி 65 டெசிபலிலும் இருந்தால், பல்லவி தும்கூர் சாலை லாரிகளுக்கு அடியில் புதைந்துவிடும். 65க்கு மேல் உள்ளதை 2க்கு 1 என்று குறைத்தால் 85 என்பது 75 ஆகும். பின்பு மொத்தத்தையும் 10 டெசிபல் உயர்த்தினால் சரணம் மீண்டும் 85இல் நிற்கும். பல்லவி 75க்கு வந்துவிடும். பாடகி மெல்லப் பாடியதையும் கேட்டுவிடலாம். அமைதியான அறையில் விலையுயர்ந்த ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்குக் கம்ப்ரசர் ஓர் அலங்காரமாக இருக்கலாம். இரைச்சலில் வாழ்பவருக்கு அது பாட்டு காதில் விழுவதற்கான வழி.

கருவியின் வரலாறும் இதையே சொல்கிறது. 1930களில் வானொலி ஒலிபரப்பில் திடீரென எகிறும் குரல் கருவிகளைப் பாதிக்காதிருக்கவே இத்தகைய சாதனங்கள் முதலில் புழக்கத்துக்கு வந்தன. பின்னர் இசைப்பதிவுக் கூடங்களுக்கு 1959இல் ஃபேர்சைல்டு 670, 1960களில் டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ.2ஏ, 1967இல் பில் புட்னம் வடிவமைத்த 1176 எனப் புகழ்பெற்ற கருவிகள் வந்தன. அவற்றின் மென்பொருள் நகல்களே இன்று மடிக்கணினிகளில் ஓடுகின்றன. காது மந்தமானோர் அணியும் கேட்பான்களுக்குள்ளும் இதே தத்துவம் வேலை செய்கிறது. மெல்லிய ஒலியைக் கேட்கும் எல்லைக்குள் கொண்டுவருவதும், உரத்த ஒலி எல்லை மீறாமல் காப்பதும்தான் இதன் பிறவிக் கடமை.

சத்தத்துக்கான போட்டியில் அந்தக் கடமை மறந்துபோயிற்று. இரண்டு ஒலிகளை அடுத்தடுத்துக் கேட்பவருக்குச் சற்றே உரத்தது சிறந்ததாகத் தோன்றும். அந்த மயக்கத்தை நம்பி ஒவ்வொரு பாட்டும் முந்தைய பாட்டைவிட உரத்து வர முயன்றது. 2008இல் மெட்டாலிக்கா குழுவின் 'டெத் மேக்னடிக்' தொகுப்பு வெளிவந்தபோது, அதே பாடல்கள் ஒரு கணினி விளையாட்டில் இதைவிடத் தெளிவாக ஒலிப்பதை ரசிகர்களே கண்டுபிடித்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குறுந்தட்டில் இருந்தது அளவுக்கு மீறி நசுக்கப்பட்டிருந்தது.

இன்று அந்தப் போட்டிக்குப் பயனும் இல்லை. 2006இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் செவி உணரும் உரப்பை அளக்கும் முறையை வரையறுத்தது. அதன் வழியில் ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ -14 என்னும் ஒரே உரப்பு அளவுக்குக் கொண்டுவருகின்றன. நசுக்கி -7இல் தயாரித்த பாட்டை அந்தச் சேவை 7 டெசிபல் இறக்கிவிடும். சத்தம் திரும்பப் பறிக்கப்படுகிறது. நசுக்கல் மட்டும் மிஞ்சுகிறது. வானொலியிலும் இதுவே நிலை. நாட்டின் முதல் தனியார் பண்பலை 2001 ஜூலையில் பெங்களூரில்தான் தொடங்கியது. பண்பலை நிலையங்கள் ஒலிபரப்புமுன் தாமே ஒருமுறை கம்ப்ரஸ் செய்கின்றன. ஏற்கெனவே நசுங்கிய பாட்டு அங்கே இரண்டாம் முறையும் நசுங்கும்.

சத்தம் போகட்டும். பாட்டின் சொல்லுக்கு என்ன நேர்கிறது என்பதே தமிழுக்கு முக்கியம்.

தமிழில் 'மகள்' என்பதற்கும் 'மக்கள்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மெய்யின் இரட்டிப்பு. 'மகள்' என்னும்போது இடையில் உள்ள ககரம் மெலிந்து, ஓட்டம் தடைபடாமல் ஒலிக்கிறது. 'மக்கள்' என்னும்போது நா அண்ணத்தில் முழுமையாக ஒட்டிக் காற்றை அடைக்கிறது, ஒரு கணம் ஒலியே இல்லை, பிறகு வெடிப்பு. அந்த நிசப்தமும் வெடிப்புமே பொருளைச் சுமக்கின்றன. 'படம்', 'பட்டம்' என்பவற்றுக்கும் இதுவே கதை. பெங்களூரின் மற்றொரு மொழிக்கும் இது புதிதன்று. கன்னடத்தில் 'கதெ' என்றால் கதை. தகரம் இரட்டித்தால் கழுதை. ஆங்கிலத்தில் ஒரே வேர்ச்சொல்லுக்குள் மெய்யின் நீட்டத்தால் பொருள் மாறுவதில்லை. எழுத்தில் இரண்டு இருந்தாலும் ஒலிப்பு ஒன்றே. மென்பொருளோடு வரும் 'வோக்கல்' என்ற ஆயத்த அமைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டின் பழக்கத்தில் உருவானவை. அவற்றை அப்படியே தமிழ்க் குரலின்மேல் போட்டுவிட்டு நகர்வது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும்.

கம்ப்ரசர் காலத்தைத் தொடுவதில்லை. அளவை மட்டுமே தொடுகிறது. ஆனால் ஓர் எழுத்து எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று காதுக்குக் காட்டுவது ஒலியின் ஏற்ற இறக்கமே. தொல்காப்பியம் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, குற்றியலுகரத்துக்கும் அரை என்று வகுத்தது. அரை மாத்திரை ஒலிகள்தாம் இரைச்சலில் முதலில் சாகின்றன. அவற்றைக் காப்பதும் கொல்வதும் அட்டாக், ரிலீஸ் என்னும் இரு குமிழ்களின் கையில் இருக்கிறது.

'பாட்டு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 'பா' உரத்த நெடில். கருவி அதைக் கண்டதும் அளவைக் குறைக்கிறது. ரிலீஸ் மிக மெதுவாக இருந்தால், அந்தக் குறைப்பு நீங்குவதற்குள் டகரத்தின் வெடிப்பும் ஈற்றுக் குற்றியலுகரமும் வந்து போய்விடும். ஏற்கெனவே மெல்லியவை மேலும் மெலியும். கேட்பவருக்கு எஞ்சுவது 'பா'வும் ஏதோ ஒரு முனகலும். ரிலீஸ் மிக விரைவாக இருந்து மேக்கப் கெயினும் ஏறியிருந்தால், இரட்டித்த மெய்யின் நிசப்தத்துக்குள் அறையின் எதிரொலி, மின்விசிறியின் இரைச்சல், முந்தைய உயிரின் வால் எல்லாம் பொங்கி வந்து நிரம்பும். நிசப்தம் நிரம்பினால் 'மக்கள்' 'மகள்' பக்கம் சாய்கிறாள். வரம்பு மிகத் தாழ்வாக இருந்து அட்டாக்கும் மிக விரைவாக இருந்தால் வெடிப்பின் கூர்மை மழுங்கிவிடும். சொல்லின் முதலில் வரும் வல்லினங்கள் துணி சுற்றிய சுத்தியலால் அடித்தாற்போல் கேட்கும்.

இதன் மறுபக்கமும் உண்மை. ரிலீஸ் சரியாக அமைந்தால், உயிர் தணிந்த உடனே கருவி விலகிக்கொள்ளும். மெய்யும் குற்றியலுகரமும் முழு அளவோடு வெளிவரும். உயிருக்கும் மெய்க்கும் உள்ள இடைவெளி குறைந்து, சொல் இரைச்சலுக்கு மேலே மிதக்கும். அந்தச் சரியான காலத்தைக் கண்டுபிடிக்கப் பாட்டின் நடையே வழிகாட்டும். நிமிடத்துக்கு 90 தாளம் கொண்ட பாட்டில் ஒரு தாளத்தின் நீளம் ஏறத்தாழ 667 மில்லி விநாடி. தாளத்துக்கு நான்கு எழுத்து பாடினால் ஓர் எழுத்துக்கு 167 மில்லி விநாடி கிடைக்கிறது. ரிலீஸ் அதைவிட நீண்டிருந்தால் கருவி ஒருபோதும் மூச்சுவிடாது. முழுப் பாட்டும் ஒரே அழுத்தத்தில் கிடக்கும். 80 முதல் 120 மில்லி விநாடிக்குள் தொடங்கிச் சொற்களைக் கேட்டுத் திருத்துவது பொருத்தம். அட்டாக் 5 முதல் 15 மில்லி விநாடி இருந்தால் வல்லினத்தின் வெடிப்பு தப்பிவிடும். விகிதம் 3 அல்லது 4க்கு 1; உச்சத்தில் 3 முதல் 6 டெசிபல் குறைப்பு. இவை சட்டம் அல்ல, தொடங்கும் இடம். விரைவுச் சொற்கள் நிறைந்த தமிழ் ராப்புக்கு ரிலீஸ் இன்னும் குறுக வேண்டும். தாலாட்டுக்கு நீளலாம். பறைக்குக் கணக்கே வேறு: குச்சி தோலில் படும் முதல் சில மில்லி விநாடிகளே பறையின் குரல். அட்டாக்கை 20, 30 மில்லி விநாடிக்குத் தள்ளிவைத்தால்தான் அடி அடியாகக் கேட்கும்.

கருவியைத் தொடுமுன் செய்ய வேண்டியவையும் உண்டு. மேடைப் பாடகர் உச்சத்தைத் தொடும்போது மைக்கைச் சற்று விலக்கிப் பிடிப்பதே மிகப் பழைய கம்ப்ரசர். பதிவில் மிக உரத்த வரியையும் மிக மெல்லிய வரியையும் முதலில் கையாலேயே ஏற்றி இறக்கிவிட்டால், கருவிக்கு எஞ்சும் வேலை குறைவு. ஒரே கருவியிடம் 10 டெசிபலைக் குறைக்கச் சொல்வதைவிட, இரண்டை அடுத்தடுத்து வைத்து ஆளுக்குச் சிறிது குறைக்கச் சொல்வது குரலை இயல்பாக வைக்கும். அறையையும் முதலில் அடக்க வேண்டும். மேக்கப் கெயினை 10 டெசிபல் ஏற்றினால் பாடகியின் மெல்லிய மூச்சு மட்டுமன்று, பக்கத்துப் பட்டறையின் பவர் பிரஸ் இடிப்பும் 10 டெசிபல் ஏறும். பீன்யாவை ஒட்டிய தெருவொன்றில் வீட்டறைப் பதிவு செய்பவர் வாங்க வேண்டிய முதல் பொருள் புதிய மென்பொருள் அன்று. கனத்த கம்பளியும் கதவிடுக்கை அடைக்கும் ரப்பரும்.

கேட்பவரின் கையில் இருக்கும் கருவியையும் எண்ண வேண்டும். கைபேசியின் சிறு ஒலிபெருக்கி ஆழ்ந்த பேஸ் ஒலியை எழுப்பாது. ஆனால் பாட்டு முழுவதற்கும் பொதுவாகப் போடப்பட்ட கம்ப்ரசர் அந்தப் பேஸ் டிரம்மைக் கேட்டே ஒவ்வொரு தாளத்திலும் அளவைக் குறைக்கிறது. கூடத்தின் பெரிய ஒலிபெருக்கியில் அது துள்ளலாகத் தோன்றும். கைபேசியில் கேட்பவருக்கோ டிரம் கேட்பதில்லை. காரணமே தெரியாமல் குரல் மட்டும் தாளத்துக்குத் தாளம் அமிழ்கிறது. கருவி உற்றுக் கேட்கும் வழியில் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை வடிகட்டிவிட்டால் இந்தக் குறை பெரிதும் தீரும். அந்த வசதி பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. அதைத் தேடச் சொல்வதற்குக் கைபேசியில் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சோதிக்க ஒரே ஒரு நேர்மையான முறை உண்டு. கம்ப்ரசருக்கு முன்னும் பின்னும் உரப்பு ஒன்றாக இருக்கும்படி மேக்கப் கெயினைச் சரிசெய்துகொண்டு, கருவியை அணைத்தும் போட்டும் கேட்பது. உரப்பின் மயக்கம் நீங்கியபின் எது தெளிவு என்று காது சொல்லிவிடும். அடுத்து, பாட்டின் வரிகளை அறியாத ஒருவரிடம் கைபேசியில் போட்டுக் காட்டி, கேட்ட சொற்களை எழுதச் சொல்லலாம். வரிகளை எழுதியவரும் இசையமைத்தவரும் இந்தச் சோதனைக்கு உதவமாட்டார்கள். அவர்கள் காது நினைவிலிருந்து சொல்லை நிரப்பிக்கொள்ளும்.

உரத்த பாட்டுத்தான் மக்களுக்குப் பிடிக்கிறது, சந்தை அதைத்தான் கேட்கிறது என்பது வழக்கமான மறுமொழி. கானாவுக்கும் குத்துப்பாட்டுக்கும் நசுங்கிய, முரட்டு ஒலியே அழகு என்பாரும் உண்டு. இரண்டாவது வாதத்தில் நியாயம் இருக்கிறது. வேண்டுமென்றே தேர்ந்த முரட்டுத்தனம் ஒரு பாணி. டிரம்மும் சிந்தசைசரும் நசுங்கி முழங்கட்டும். ஆனால் கானாவின் உயிர் அதன் சொல்லில் இருக்கிறது. கேலியும் ஒப்பாரியும் சொல் புரிந்தால்தான் கேலியும் ஒப்பாரியும் ஆகும். முதல் வாதம் பீன்யாவில் நிற்காது. இரைச்சலில் சொல் புரியாதபோது கேட்பவர் செய்வது ஒன்றே: ஒலியை இன்னும் கூட்டுவது. சொல் தெளிவாக இருந்தால் கூட்ட வேண்டிய தேவை குறைகிறது.

அங்கேதான் இது ரசனையின் எல்லையைத் தாண்டி உடலின் செய்தியாகிறது. தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை இரைச்சலை அனுமதிக்கின்றன. உலக நலவாழ்வு அமைப்பு பாட்டுக் கேட்பதற்கு வகுத்துள்ள பாதுகாப்பு அளவோ 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகக் குறையும். பகல் முழுவதும் இயந்திரத்தைக் கேட்ட காது, மாலையில் மெட்ரோவின் இரைச்சலைத் தாண்டப் பாட்டையும் உரக்கக் கேட்கிறது. முழு நேரமும் உச்சத்திலேயே நிற்கும் நசுங்கிய பாட்டில் அந்தக் காதுக்கு ஓய்வே இல்லை. இப்படித் தேய்ந்த காது இழக்கும் ஒலிகளில் முன்னே நிற்பவை மெய்களின் கூர்மையான உயர் அதிர்வுகளே. பிறகு அதே தொழிலாளர் வாங்க நேரும் கேட்பானுக்குள்ளும் ஒரு கம்ப்ரசர் இருக்கும். அதை அமைப்பவர் அவருக்குச் சொல் புரிகிறதா என்றுதான் சோதிப்பார். பாட்டைத் தயாரிப்பவர் அந்தக் கேள்வியை இருபது ஆண்டுகள் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது.

பீன்யாவின் காற்றுக் கம்ப்ரசரிலும் ஒரு பாடம் உண்டு. எந்தப் பட்டறைக்காரரும் தொட்டியில் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று போட்டி போடுவதில்லை. வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவோடு நிற்கும்படி அளவைக் கட்டிவைப்பார். அதற்கு மேல் ஏறினால் வால்வு திறந்துகொள்ளும். தமிழ்ப் பாட்டுக்கான வால்வு அதன் சொல்லே. 'மக்கள்' என்று எழுதிப் பாடியது தேநீர்க் கடை வாசலில் நிற்பவருக்கும் 'மக்கள்' என்றே கேட்டால் கம்ப்ரசரில் வைத்த அளவு சரி. 'மகள்' என்று கேட்டால் குமிழைத் திருப்பிவிட்டு மறுபடியும் கேட்க வேண்டியதுதான்.